உயிரோடு இருந்தவருக்குப் போட்ட மாலை

இன்று காலை உங்கள் படத்திலிருந்த பிளாஸ்டிக் மாலையைக் கழற்றி, சவுக்காரத் தண்ணீரில் அலசினேன். பழைய ஊதுவத்தி வாசனை கிளம்பியது. அந்த மாலை ஏறியபோது உங்களுக்கு உயிர் இருந்தது. சிறையில் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்.

உங்களைப் பிடித்துக்கொண்டு போனதும் தோட்டத்து வீட்டை விட்டு, எங்களை யாருக்கும் தெரியாத மெர்லிமாவு ஊருக்கு வந்தோம். புது வீட்டில் மாட்டிய முதல் படம் உங்களுடையது, மாலையோடு. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொன்னார். பொட்டு போனது, தாலி அலமாரிக்குள் போனது. அக்காவுக்குத் தஞ்சோங் கிளிங் ஊர்ச் சம்பந்தம் அந்தப் பொய்யில்தான் கூடிவந்தது. அக்கா கல்யாணத்தில் அம்மா மணவறைப் பக்கமே போகாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். நீங்கள் போதைப்பொருள் விற்றதற்கு எங்கள் வீட்டில் தண்டனை அனுபவிக்காதவர் யார், சொல்லுங்கள்.

புது வீட்டு விலாசத்தையும் போன் நம்பரையும் அம்மாவுக்குத் தெரியாமல் சிறைக்கு உங்களுக்கு எழுதியவள் நான்தான். விடுதலையாகி நீங்கள் வந்த மத்தியானம் அக்காவுக்கு ஏழு மாதம். வளைகாப்புப் பேச அவள் மாமியார் வந்திருந்தார். கதவைத் திறந்தேன். எனக்குப் பதினாறு வயது. என் தோளுக்கு மேல் உங்கள் பார்வை போய்ப் படத்தில் நின்றது. யாரென்று உள்ளேயிருந்து மாமியார் கேட்டார்.

"புல்லு வெட்ற ஆளு அத்தை," என்றேன்.

நீங்கள் ஒரு வார்த்தை மறுத்திருந்தால் அக்கா வாழ்க்கை அன்றோடு முடிந்திருக்கும். பையைக் கீழே வைத்துவிட்டு, வாசலோரம் கிடந்த பாராங் கத்தியை எடுத்தீர்கள். உச்சி வெயிலில் வாசல் புல் முழுவதும் வெட்டினீர்கள். ஜெயிலுக்குப் போய் வந்த மூஞ்சி மாதிரி இருக்கிறது, இந்த மாதிரி ஆட்களைச் சேர்க்காதீர்கள் என்றார் மாமியார். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவேயில்லை. வேலையாட்களுக்கென்று வைத்திருந்த கோப்பையில் தேத்தண்ணி கொண்டுவந்தேன். குடித்துவிட்டு, கோப்பையை நீங்களே கழுவிக் கவிழ்த்தீர்கள்.

"நல்லா சமாளிச்சிட்டம்மா. அக்காவ பாத்துக்க."

நீங்கள் எனக்குத் தந்த ஒரே பாராட்டு அது. இப்போது ஆபீசிலும் சொல்கிறார்கள், அப்பா இல்லாமல் வளர்ந்தும் என்ன தைரியம் என்று. கேட்டதும் எழுந்து போய்விடுவேன்.

பிறகு நீங்கள் வரவில்லை. உம்பாயில் மீன் சாப்பாட்டுக் கடையொன்றில் பாத்திரம் கழுவி, இரண்டு வருடத்தில் இறந்துபோனீர்கள். உங்கள் பையிலிருந்த நம்பருக்குக் கடைக்காரர் போன் செய்தார். அம்மா வர மறுத்தார்.

"செத்தவருக்கு எத்தன தடவ தல முழுகுறது?" என்றார்.

நான் மட்டும் போனேன். கடைக்காரரே எல்லா ஏற்பாடும் செய்திருந்தார். மின்சுடலையில் ஒருவர் என்னைப் பார்த்து, இறந்தவருக்கு என்ன உறவு என்று கேட்டார். அங்கே அக்கா மாமியார் இல்லை. எங்களைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. பொய் சொல்ல எந்தக் காரணமும் இல்லை.

"சொந்தம் இல்ல. தெரிஞ்சவரு," என்றது என் வாய்.

அப்படியானால் வெளியே இருங்கள் என்றார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இன்றுவரை என்னிடம் யாரும் உங்கள் துக்கம் கேட்டதில்லை, அப்பா.