போரில் வந்த மஞ்சள் கல்

ஆனி 9, திங்கள்

கல்லல் வயலில் இன்று ஆழ்குழாய்க் கிணற்றுக்குப் போர் போட்டோம். தண்ணீர் வரவில்லை. வெள்ளைக்கல் தூளோடு மஞ்சளாய் மின்னும் துணுக்குகள்தான் வந்தன. கல்லூரியில் நிலவியல் நடத்தும் அண்ணனை வரச்சொன்னேன்.

லென்ஸ் வைத்துப் பார்த்தார். "மின்னுறது தங்கமில்லம்மா, இரும்பும் கந்தகமும். ஆனா இந்த மாதிரிக் கல்லுல தங்கம் கண்ணுக்குத் தெரியாமக் கலந்திருக்கலாம். சோதிச்சாத்தான் தெரியும்."

"இருந்தா?" என்றார் என் கணவர்.

"சுரங்கம் வரும். நிலத்தை எடுத்துக்குவாக, மாப்பிள்ளை."

அண்ணன் போனதும் கணவர் கேட்டார். "சோதனைக்கு அனுப்பவா?"

"நீங்க என்ன நினைக்கிறீக?"

"நிலம் உன் பேருல இருக்கு. நீதான் சொல்லணும்."

தண்ணீரில்லாத நிலத்தை வைத்து என்ன செய்வது? கொடுத்துவிட்டு எங்கே போவது? தலையை ஆட்டினேன். சரியென்றா, வேண்டாமென்றா, எனக்கே தெரியவில்லை. அவர் கல்லைச் சோதனைக்கென்று பொட்டலம் கட்டி வைத்துவிட்டார்.