மாடியறைக்கு வந்த கம்பி

மார்ச் 3, செவ்வாய்

மாலையில் மின்சாரம் போயிற்று. கீழே எங்கள் மளிகைக் கடையில் பில் போடும் எந்திரங்கள் மறுபடியும் செத்தன. யுபிஎஸ் பெட்டி வீறிட்டு அழுதது. பிறகு அதுவும் வாயை மூடிக்கொண்டது. மின்சாரம் போகும் நேரத்துக்கென்றே பேட்டரியோடு வாங்கிய பெட்டி அது. மழையில் மட்டும் விரிய மறுக்கும் குடை.

மின்சாரம் வந்து இன்டர்நெட் பெட்டிகள் மீண்டும் கண் திறப்பதற்குள், வரிசையில் நின்றவர்கள் கூடைகளைத் தரையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்களாம். மகள் புலம்பினாள். மருமகனோ குற்றவாளியைப் பிடித்துவிட்டார்: யுபிஎஸ்ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பில் போடும் கல்லாக்காரி.

"உன் கால்தான் சுவிட்ச்ல படுது."

"நான் காலை அந்தப் பக்கமே நீட்டுறதில்ல சார்."

"அப்ப பேய் வந்து அமுக்குதா?"

மாடிவரை கேட்டது. கல்லாவிலிருந்து எடுத்துக் கிடங்கில் மூட்டை அடுக்கப் போட்டுவிடுவாராம். அவள் இடுப்பு வலிக்குப் பெல்ட் கட்டிக்கொண்டு வேலைக்கு வருகிறவள்.

எனக்குத் தேநீர் கிடைக்கவில்லை. கெட்டிலைப் போட்ட கையோடு என் அறையும் இருண்டுவிட்டது.

மார்ச் 5, வியாழன்

மருமகன், மின்னல் தாக்காமல் காக்கும் கருவி ஒன்றை வாங்கி மாட்டியிருக்கிறார். ஸ்டெபிலைசர் ஏற்கெனவே இருக்கிறது. வானத்தில் ஒரு மேகம் இல்லை. நான் பௌதிகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவள், கேட்டால் சொல்வேன். கேட்கவில்லை. தலைவலிக்குத் தலையணை மாற்றுகிறவரிடம் வலியப் போய் வைத்தியம் சொல்வானேன்?

மார்ச் 6, வெள்ளி

ஒன்று உறுத்துகிறது. தெரு இருண்ட பிறகும் என் விளக்கு எரிகிறது. பிறகுதான் அணைகிறது. எப்போது? யோசித்துப் பார்த்தால், கெட்டிலைப் போட்டவுடன். கீழே பெட்டி அழுவதும் அப்போதுதான்.

மின்சாரம் என் வயதுக்கு மரியாதை காட்டித் தாமதமாகப் போவதாக நம்ப எனக்கு விருப்பந்தான். படிப்பு இடம் கொடுக்கவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

மின்சாரம் போனது. கெட்டிலைத் தொடவில்லை. விளக்கு அணையவில்லை, கீழே பெட்டி அழவில்லை, பில்கள் தடையின்றி வந்துகொண்டிருந்தன. என் கணக்கு சரி.

ஆனால் கல்லாக்காரி இன்று விடுப்பு. மருமகன் முகத்தில் வெற்றி. "பாத்தீங்களா அத்தை? அவ வரல, பெட்டியும் கத்தல." திங்கட்கிழமை முதல் அவளுக்குக் கிடங்கு.

என் சோதனை அவளுக்குத் தண்டனையை உறுதி செய்துவிட்டது. இதற்கா அத்தனை வருடம் படித்தேன்?

மார்ச் 11, புதன்

எலக்ட்ரீஷியனை மேலே வரவழைத்தேன். "என் ரூமுக்கு வர்ற கம்பி எங்கிருந்து வருது?"

கழுத்தைச் சொறிந்தான். "கீழ யுபிஎஸ்லேருந்தும்மா. போன வருஷம் இருட்டுல விழுந்து கைய உடைச்சுக்கிட்டீங்கள்ல, அடுத்த வாரமே சார் இழுக்கச் சொன்னாரு. விளக்குக்கும் ஃபேனுக்கும்தான். நீங்க அதுல கெட்டில் போடுவீங்கன்னு யாரு கண்டா?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா அதுல நாலு நொட்டை சொல்லுவீங்கன்னாரு."

சொல்லியிருப்பேன்.

கை உடைந்த அன்று ஆஸ்பத்திரியில் செல்போனைப் பார்த்துக்கொண்டே நின்றவர் என்றுதான் அவரை இத்தனை நாளும் மனத்தில் வைத்திருந்தேன். அந்த மனிதர் கடையின் உயிர்நாடியிலிருந்து எனக்கு ஒரு கிளை இழுத்திருக்கிறார் — அதுவும் எனக்குத் தெரியாமல். நன்றியை எந்தப் பக்கமிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. பழக்கமில்லாத வேலை.

மார்ச் 12, வியாழன்

கடையில் வைத்துச் சொன்னால் அவர் மானம் போகும். சொல்லாவிட்டால் அவள் இடுப்பு போகும். மகளிடம் சொன்னால் ஆயுளுக்கும் சொல்லிக்காட்டிச் சிரிப்பாள். அவரைத் தனியாக மேலே கூப்பிட்டேன்.

"மாப்பிள்ளை, அந்தக் கம்பிய எடுத்துடுங்க."

"எந்தக் கம்பி?"

"நான் விழக் கூடாதுன்னு போட்டீங்களே, அது."

தரையைப் பார்த்தார். கெட்டிலின் சுமை எவ்வளவு, பேட்டரி தாங்கக்கூடியது எவ்வளவு என்று சொன்னேன்.

"அவள என்னென்னவோ சொல்லிட்டேனே அத்தை."

"சொன்னீங்க. நாலு பேர் முன்னாடி."

"கம்பி இருந்துட்டுப் போகட்டும். கெட்டில மட்டும் எடுத்துடலாம்."

"இன்னிக்குக் கெட்டில். நாளைக்குக் குளிருதுன்னு ஹீட்டர் வாங்குவேன். என்னைய நம்பாதீங்க."

சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

மார்ச் 13, வெள்ளி

கம்பியை எடுத்துவிட்டார்கள். சுவரில் ஒரு துளை.

மார்ச் 16, திங்கள்

மகள் வந்து அதிசயப்பட்டாள். வரிசையில் ஆட்கள் நிற்கும்போதே மருமகன் கல்லாவுக்குப் போய், "தப்பு எம்பேர்லதான். உன் கால் இல்ல" என்றாராம். கல்லாக்காரி தலையை நிமிர்த்தாமல், "அது எனக்கு அப்பவே தெரியும் சார். அடுத்து யாரு, வாங்க" என்றாளாம்.

"திடீர்னு இவருக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டாள்.

ஒயர் கோளாறு என்றேன்.

ஏப்ரல் 2, வியாழன்

மாலை, மின்சாரம் போயிற்று. தெருவோடு சேர்ந்து என் அறையும் அதே கணத்தில் இருண்டது. கீழே பில் எந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. கல்லாக்காரி யாரிடமோ சில்லறை கேட்டு அதட்டிக்கொண்டிருந்தாள்.

படியில் காலடி. டார்ச் வெளிச்சத்தோடு மருமகன் வாசலில் நின்றார்.

"எந்திரிக்காதீங்க அத்தை."

எழவில்லை. நாற்காலியைக் காட்டினேன், உட்கார்ந்தார். எங்கள் இருவருக்கும் பேசிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆகவே பேசாமல் இருந்தோம்.

மின்சாரம் வந்தது. அவர் டார்ச்சை அணைத்தார். உடனே எழுந்து போய்விடவில்லை.