எலிவளைக்கு இரண்டு சாவி

ஜனவரி 9

எலிக்கு, அக்கா எழுதுகிறேன்.

நீ கேட்ட தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன். லிஃப்ட் மெக்கானிக் லைசென்ஸ் நகல் நான்கு, தொழிற்பள்ளிச் சான்றிதழ் நகல் இரண்டு. அசல் என் பீரோவில் இருக்கிறது. அதைக் கேட்காதே, தரமாட்டேன். நாடு நாடாக லிஃப்ட் மாட்டிக்கொண்டு திரிகிறவன் பையில் அசல் இருக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை போனில் பேசினோமே, அதற்குப் பேர் பேச்சா? நான் ஒன்று சொல்ல, நீ "என்ன? என்ன?" என்று கேட்க, கடைசியில் "சிக்னல் இல்லக்கா, லெட்டர் போடு" என்று வைத்துவிட்டாய். நீ பேசியதெல்லாம் எனக்குக் கணீரென்று கேட்டது. சிக்னல் ஒரு பக்கம் மட்டும் எப்படியடா போகும்? சரி விடு, லெட்டர்தானே, போடுகிறேன். ஜெராக்ஸ் கடைக்காரிக்குத் தாளுக்கா பஞ்சம்.

நெட்டில் நீ திறந்து கொடுத்த ஃபோல்டர் நன்றாக வேலை செய்கிறது. "எலிவளை" என்று பேர் வேறு வைத்திருக்கிறாய், சின்ன வயதில் எலி என்று கூப்பிட்டால் அழுவாய். நீ அங்கே போடுவது இங்கே கடைக் கம்ப்யூட்டரில் வந்து விழுகிறது. பாஸ்வேர்டை எங்கேயும் எழுதி வைக்கவில்லை, மனப்பாடம்.

நேற்று ஒருவர் தலையில் கை வைத்துக்கொண்டு வந்தார். பேங்குக்கு ஒரே ஒரு தாள் அனுப்ப வேண்டியவர், ஃபோல்டர் முழுவதற்கும் லிங்க் கொடுத்துவிட்டாராம். மச்சினி கல்யாணப் படம் வரைக்கும் மேனேஜர் பார்த்திருப்பார், பாவம். உட்காரவைத்து, ஒரு தாளை மட்டும் எப்படி அனுப்புவது என்று சொல்லிக் கொடுத்தேன். இந்த வாரம் அவர் ஐந்தாவது ஆள்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


ஜனவரி 28

அக்காவுக்கு,

கவர் வந்தது. ஒரு தாளின் ஓரம்கூட மடங்கவில்லை. உன் கை அப்படி.

போனுக்காகத் திட்டாதே. கம்பெனி கொடுத்த போனில் நான் தட்டுவதையெல்லாம் கம்பெனி பார்க்கும். என் சொந்தப் போனில் பேசலாமென்றால் விடுதி வைஃபை. அறைக்கு நாலு பேர், வைஃபைக்கு நாற்பது பேர், அதன் பாஸ்வேர்டு சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கிறது. யார் எதை எட்டிப் பார்ப்பான் என்று யாருக்குத் தெரியும்? வெளிநாட்டில் வாயைக் குறைத்துக்கொள்வது நல்லது. லெட்டர்தான் பத்திரம். நீயும் கேட்டுக்கொள்: என் பாஸ்போர்ட் படத்தை எவருக்கும் அனுப்பாதே. வளையைத் திறந்தபடி போட்டுவிட்டு எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போகாதே. என் போனில் எடுக்கிற படமெல்லாம் தானாகவே வளைக்குள் போகிற மாதிரி வைத்திருக்கிறேன். போன் தொலைந்தாலும் தாள் தொலையாது.

இங்கே பத்தொன்பது மாடிக் கட்டடம், ஆறு லிஃப்ட். நான் லிஃப்ட் பெட்டியின் தலைமேல் நின்று வேலை செய்கிறேன். கூட்டாளி மீசைக்காரர் உச்சியில் மெஷின் அறையில். பெட்டி மேலே போனால் எடைக்கட்டு கீழே இறங்கும், இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அவர் குரல் கொடுத்தால் நான் ஒதுங்க வேண்டும், நான் குரல் கொடுத்தால் அவர் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஒரு நல்ல சேதி. ஜூலையில் என்னை ஃபோர்மேன் ஆக்குகிறார்கள். அதன்பிறகு லிஃப்ட் ஏறி இறங்குகிற குழிக்குள் நிற்க வேண்டாம், வெள்ளை ஹெல்மெட் போட்டுக்கொண்டு மற்றவர்களைத் திட்டினால் போதும். அதற்கு உன்னிடம் நிறையவே பயிற்சி எடுத்திருக்கிறேன்.

எலி


பிப்ரவரி 17

எலிக்கு,

பன்னிரண்டு வருஷமாக நான் கடையில் எந்தத் தாளையும் படித்ததில்லை. வாங்கும்போதே கவிழ்த்து வாங்குவேன், கண்ணாடிமேல் கவிழ்ப்பேன், திரும்பக் கொடுக்கும்போதும் கவிழ்த்தே கொடுப்பேன். விவாகரத்து நோட்டீஸும் ரத்தப் பரிசோதனையும் என் கை வழியாகத்தான் போகின்றன. பக்கத்திலேயே இன்னும் இரண்டு கடை இருந்தும் என்னிடம் வருகிறார்கள் என்றால் அதற்காகத்தான்.

கம்ப்யூட்டரில் வந்து விழுவதை எப்படிக் கவிழ்ப்பது? நேற்று வளையைத் திறந்தேன், புதுப் படம் ஒன்று பெரிதாக வந்து நின்றது. காது டாக்டர் எழுதியது. மேலே உன் பேர், பிறந்த தேதி. வலது காது முழுக்கப் போய்விட்டது, இடது பாதி என்று இருக்கிறது. கோடு போட்ட படம் ஒன்று, படி இறங்குகிற மாதிரி கீழேயே போகிறது.

சிக்னல் ஏன் ஒரு பக்கம் மட்டும் போனது என்று இப்போது புரிகிறது. உனக்கு லெட்டர் ஏன் பத்திரம் என்றும் புரிகிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல். மீசைக்காரர் குரல் கொடுத்தால் உனக்குக் கேட்கிறதா?

அக்கா


மார்ச் 8

அக்காவுக்கு,

ஊரார் தாளையெல்லாம் கவிழ்த்துப் போடுகிறவள் என் தாளை மட்டும் ஏன் படித்தாய்? வந்த கோபத்தில் நாலு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். தப்பு என்னுடையதுதான். டாக்டர் அறையிலேயே படம் எடுத்தேன், அது தானாகப் போய் உன் மடியில் விழும் என்பதை மறந்துவிட்டேன். உனக்கு அத்தனை புத்தி சொன்னவன் நான்தான், சிரிப்பாக இல்லை?

போன வருஷம் ஒருநாள் காலையில் எழுந்தபோது வலது காது இல்லை. அவ்வளவுதான், வேறு கதை கிடையாது. இடதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. மீசைக்காரருக்குத் தெரியாது. அவர் கத்துவது சில நேரம் கேட்கிறது. கேட்காவிட்டாலும் கயிறு நடுங்குவது காலில் தெரியும், நான் ஒதுங்கிவிடுவேன். பதினோரு வருஷப் பழக்கம் அக்கா.

கம்பெனிக்குத் தெரிந்தால் அன்றைக்கே என்னைக் குழியிலிருந்து ஏற்றிவிடுவார்கள். காது போனவனை யார் ஃபோர்மேன் ஆக்குவான்? ஒருமுறை ஆகிவிட்டால் அப்புறம் தெரிந்தாலும் பரவாயில்லை, தள்ள மாட்டார்கள். இன்னும் நாலே மாதம். யாரிடமும் மூச்சு விடாதே. உன் காலில் விழுகிறேன், என் மேல் சத்தியம் பண்ணு.

எலி


மார்ச் 25

எலிக்கு,

சரி. யாரிடமும் சொல்ல மாட்டேன். சத்தியம்.

மீசைக்காரரிடம் மட்டுமாவது நீயே சொல்லிவிடு. அவர் நல்ல மனிதர் மாதிரிதான் தெரிகிறது.

அக்கா


ஏப்ரல் 10

அக்காவுக்கு,

நீ சரி என்று எழுதியதைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. மீசைக்காரரிடம் சொல்ல வேண்டியதில்லை, எல்லாம் நன்றாகப் போகிறது. இரண்டு லிஃப்ட் முடித்துவிட்டோம். புது பூட்ஸ் கொடுத்திருக்கிறார்கள், பழையது தேய்ந்துவிட்டது.

கம்பெனி ஆபீஸில் இருக்கிற ஒரு அம்மா உனக்கு மெயில் போடுவார். ஃபோர்மேன் வேலைக்கான கோப்பில் சேர்க்க என் லைசென்ஸ் நகல் ஒன்று மெயிலில் வேண்டுமாம், கையில் கொடுத்தால் வாங்க மாட்டார்களாம். பகலெல்லாம் நான் குழியில் இருப்பேன் என்பதால் உன் கடை மெயிலைக் கொடுத்திருக்கிறேன். அந்த ஒரு தாளை மட்டும் அனுப்பிவிடு.

வெள்ளை ஹெல்மெட் எனக்கு எடுப்பாக இருக்குமா, சொல்.

எலி


மே 6

அக்காவுக்கு,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஏன் என்று தெரியும். பயந்துபோயிருக்கிறாய்.

ஆபீஸில் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். அந்த அம்மா வளை முழுவதையும் பார்த்துவிட்டார். காதுச் சீட்டைப் பிரிண்ட் எடுத்து மேஜைமேல் வைத்திருந்தார்கள். கண்ணாடி முன் நின்று என் வழுக்கையை நானே எடுத்த படம் வரைக்கும் பார்த்திருப்பார்கள், மானம் போச்சு. அன்றைக்கே குழியை விட்டு ஏற்றினார்கள். இப்போது உதிரிபாக ஸ்டோரில் பலகைக்குப் பின்னால் நிற்கிறேன். வருகிறவன் கேட்பதை எடுத்துக் கொடுக்கிற வேலை, அதையும் இரண்டு தடவை கேட்டுத்தான் கொடுக்கிறேன். ஃபோர்மேன் வேலை மீசைக்காரருக்குப் போகிறது. என்னைப் பார்த்தால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

முதல் இரண்டு நாள் உன்மேல் கொலைவெறியாக இருந்தது. அப்புறம் யோசித்தேன். கடையில் கூட்டம் நின்றிருக்கும். நாலு பேர் நாலு பக்கம் கத்தியிருப்பார்கள். அவசரத்தில் ஒரு தாளுக்குப் பதில் முழு ஃபோல்டருக்கும் லிங்க் போயிருக்கும். கை தவறிச் செய்ததற்கு என்ன பண்ண முடியும்? நீ வேண்டுமென்று செய்கிறவளா? நம் அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் நீ.

எனக்குக் கோபமில்லை அக்கா. நீ அழாதே. இந்த உலகத்தில் என் பாஸ்வேர்டு தெரிந்த ஒரே ஆள் நீதான், இனிமேலும் நீதான்.

எலி


மே 24

எலிக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன், வீட்டிலும் வைத்துப் படித்தேன். கோபமில்லை என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் தாங்கவில்லை. திட்டி எழுதியிருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன்.

அன்று கடையில் கூட்டம் இல்லை. ஒருவருமே இல்லை. லைசென்ஸ் மட்டும் என்று அந்த அம்மா தெளிவாகத்தான் எழுதியிருந்தார். அதை எடுக்க வளைக்குள் போனேன். உன் பூட்ஸ் படம் இருந்தது. தேய்ந்துவிட்டது என்று எழுதினாயே, அந்தப் பூட்ஸ். முனையில் வைத்திருக்கிற இரும்பின் ஓரம் தகடாக நசுங்கிக் கிடந்தது. எடைக்கட்டு இன்னும் இரண்டு விரல் உள்ளே வந்திருந்தால் உன் காலும் அப்படித்தான் நசுங்கியிருக்கும். கால் மட்டுமா? படம் எடுத்த தேதி ஏப்ரல் 3. உன் கடிதம் ஏப்ரல் 10. ஒரு வாரம் யோசித்து, தேய்ந்துவிட்டது என்று எனக்கு எழுதியிருக்கிறாய். மீசைக்காரர் எத்தனை தடவை கத்தினார் என்று நான் கேட்கப்போவதில்லை.

ஒரு தாளை மட்டும் எப்படி அனுப்புவது என்று ஊருக்கே சொல்லிக் கொடுக்கிறவள் நான். எனக்கா கை தவறும்? முதலில் லைசென்ஸை மட்டும்தான் எடுத்து வைத்தேன். பிறகு அதை நீக்கிவிட்டு, முழு வளைக்கும் லிங்க் போட்டு அனுப்பினேன். தெரிந்தே செய்தேன். வளையை ஒழுங்காக மூடிவிட்டுத்தான் எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போனேன், நீ சொன்னபடி. டீயைக் குடிக்க முடியவில்லை, காசை வைத்துவிட்டு அப்படியே வந்துவிட்டேன்.

உன்னிடம் சொல்லிவிட்டுச் செய்திருக்கலாம். சொன்னால் நீ கெஞ்சுவாய், நான் மறுபடியும் சரி என்பேன். மார்ச்சில் அப்படித்தானே ஆனது. உன்மேல் செய்த சத்தியத்தை நான் காப்பாற்றினால் காலையில் யாராவது உன்னைப் பற்றி எனக்குப் போன் பண்ணுவார்கள் என்றுதான் தோன்றிக்கொண்டே இருந்தது. பன்னிரண்டு வருஷத்தில் ஒரே ஒருவர் தாளைப் படித்தேன், அதையும் கொண்டுபோய் அடுத்தவர் கையில் கொடுத்தேன். அது உன் தாள்.

தப்பு செய்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். நாளைக்கே மறுபடி அந்த மெயில் வந்தாலும் அதையேதான் செய்வேன். ஆனால் உன்னை ஏமாற்றிவிட்டேன். கை தவறியவள் என்று நினைத்து என்னை மன்னித்திருக்கிறாய். அந்த மன்னிப்பு எனக்கு வேண்டாம், எலி. செய்தது இதுதான். இதைத் தெரிந்துகொண்டு உனக்கு எது தோன்றுகிறதோ அதைச் செய்.

நீ ஃபோர்மேன் ஆகாவிட்டால் போகிறது. நீ எனக்கு முழுசாக வேண்டும்.

அக்கா


ஜூலை 2

எலிக்கு,

ஐந்து வாரமாகப் பதில் இல்லை. தபாலில் தொலைந்துவிட்டதோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை வளையைத் திறக்கப் போனேன். பாஸ்வேர்டு தவறு என்று வந்தது. விரல் தப்பியிருக்கும் என்று மூன்று தடவை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். மாற்றிவிட்டாய்.

அழுதேன். கடையில் ஆள் இருக்கும்போதே அழுதேன். நகல் எடுக்க நின்ற பெரியவர் பதறிப்போய், "மெஷின் கெட்டுப்போச்சாம்மா?" என்று கேட்டார். "இல்லைங்க, நல்லாத்தான் ஓடுது" என்று சொல்லி அவருடையதை எடுத்துக் கொடுத்தேன்.

அவர் போன பிறகு மறுபடி பார்த்தேன். பாஸ்வேர்டு எப்போது மாற்றப்பட்டது என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது. நேற்று மாலை. நேற்று மாலை அங்கே நீ ஒரு கட்டிலில் உட்கார்ந்து, பத்து விரலும் இருக்கிற கைகளால், எனக்குத் தெரியாத ஒரு பாஸ்வேர்டை யோசித்துப் போட்டிருக்கிறாய். அதை மட்டும் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

புதியதை எனக்குச் சொல்ல வேண்டாம். உன் அசல் தாளெல்லாம் பீரோவில் அப்படியே இருக்கின்றன, கவிழ்த்து வைத்திருக்கிறேன். என்றைக்கு வேண்டுமோ அன்றைக்கு வந்து வாங்கிக்கொள்.

அக்கா