ஞாயிற்றுக்கிழமை பெய்யாத மழை

1965 ஆகஸ்ட் 9, திங்கட்கிழமை, காலை எட்டு மணி. உழக்கில் தண்ணீர் இல்லை. இது நாற்பத்தொன்றாவது நாள்.

அக்கா, பூ அளக்கிற உங்கள் பித்தளை உழக்கைத்தான் சொல்கிறேன். என் வீட்டு மொட்டை மாடியில், சுவர் நிழலோ மர நிழலோ படாத இடமாகப் பார்த்து வைத்திருக்கிறேன். தினமும் எட்டு மணிக்குப் போய்ப் பார்க்கிறேன். இன்று கவிழ்த்துத் துடைத்தபோது அடியில் இன்னமும் மல்லிகை வாசம் இருந்தது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எனக்கு அளவெடுக்கத் தெரியும், அறிக்கை எழுதத் தெரியும். கடிதம் எழுதிப் பழக்கமில்லை. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மார்ச்சில் நீங்கள் முதல் தடவை எங்கள் பொதுப்பணித்துறை ஆபீசுக்கு வந்தீர்கள். விடியற்காலையில் மார்க்கெட்டில் பூவைக் கொடுத்துவிட்டு, கூடை காலியாக, நேராக வந்திருந்தீர்கள். அகரம் பக்கம் உங்கள் ஊரில் கிணறெல்லாம் வற்றி அடியில்தான் கொஞ்சம் தண்ணீர் கிடக்கிறது, வறட்சி என்று அறிவித்து இந்த வருஷ நிலத் தீர்வையைத் தள்ளிவைக்க வேண்டும், இல்லையென்றால் மாடுகளை ஜப்தி செய்துவிடுவார்கள் என்று மனு. தாலுகா ஆபீசில் மழைக் கணக்கைக் கேட்கச் சொல்லி எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். உங்கள் ஊர்ப் பக்கம் முழுவதற்கும் ஒரே மழைமானிதான். அது டவுனில், அரசு பங்களாத் தோட்டத்தில் இருக்கிறது. பியூன் பார்த்து வந்து சொல்வார், குமாஸ்தா எழுதுவார், மாதக் கடைசியில் ஓவர்சீயர் நான் கையெழுத்துப் போடுவேன்.

நான் பதிவேட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வறட்சி இல்லம்மா. மழை பெஞ்சிருக்கு" என்றேன்.

"எங்க பெஞ்சுச்சு தம்பி?"

"கருவி பொய் சொல்லாது."

"கருவி சொல்லாது. நீங்க இந்த ஊர்லதான இருக்கீங்க? கடைசியா எப்பக் குடை விரிச்சீங்க?"

எனக்குக் கோபம் வந்தது. பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் படித்தவனிடம் கேட்கிற கேள்வியா என்று நினைத்தேன். பதிவேட்டில் இருப்பதைத்தான் நான் பேச முடியும் என்று சொல்லி உங்களை அனுப்பிவிட்டேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என் குடை ஆணியில்தான் தொங்கியது.

ஏப்ரல் கடைசியில் உழக்கோடு வந்தீர்கள். ஒரு மாதமாக வயல் நடுவில் ஒரு கல்லின் மேல் வைத்திருந்ததாகச் சொல்லி, என் மேஜையில் கவிழ்த்துக் காட்டினீர்கள். கொஞ்சம் செம்மண் தூசி விழுந்தது.

குமாஸ்தா சிரித்தார். "ஏன் தாயி, கவர்மெண்டு மழைக்கும் உன் உழக்குக்கும் போட்டியா?"

"போட்டி என்னய்யா போட்டி. உங்க மழை எங்க ஊருக்கு வழி தெரியாம நிக்குது போல. செத்த கூட்டியாந்து விடுங்க."

அவர் குரலைத் தாழ்த்தினார். "மழையக் கொறைக்கணும்னா கொறைக்கலாம். கொஞ்சம் கவனிக்கணும், அம்புட்டுத்தான்."

"வராத மழையக் கொறைக்கக் காசு கேக்குற மொத ஆளு நீங்கதான்."

நான் அங்கேயே இருந்தேன். காதில் விழாதவன் மாதிரி ஸ்கேலால் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் உழக்கை என் பக்கம் தள்ளினீர்கள். "நீங்களே வச்சிருங்க தம்பி. நெசமா மழ பெஞ்சா சொல்லியனுப்புங்க. பூவ நான் சிரட்டையில அளந்துக்கிறேன்."

உங்கள் மேல் தப்பு என்று நிரூபிக்கத்தான் மறுநாள் காலை ஆறு மணிக்கு பங்களாவுக்குப் போனேன். தோட்டக்காரர் ரப்பர் குழாயை விரலால் அழுத்திப் பிடித்துக் குரோட்டன்ஸ் செடிகளுக்குத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார். செடிகளுக்கு நடுவில் மழைமானி. தண்ணீர் அதன் மேலும் விழுந்தது.

"தெனம் இப்படித்தானா?"

"ஞாயித்துக்கெழமை லீவு சார். மத்த நாளு தவறாம விடுவேன்." மேலே இருந்து யாரோ சோதிக்க வந்திருப்பதாக நினைத்து நிமிர்ந்து நின்று சொன்னார்.

ஆபீசுக்கு ஓடிப் பதிவேட்டைப் புரட்டினேன். எட்டு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட மழை இல்லை. மற்ற நாட்களில் ஏறக்குறைய ஒரே அளவு. எந்த ஊரில் அப்படி மழை பெய்யும்? படித்தவன் ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எட்டுப் பக்கத்திலும் அடியில் என் கையெழுத்து இருந்தது, நீல மையில், அழகாக.

அன்றே நாலு பக்கம் அறிக்கை எழுதி மேலதிகாரியிடம் கொண்டுபோனேன். முழுக்கப் படித்தார். "சரியாத்தான் எழுதியிருக்க. அனுப்பினா மொதல்ல வீட்டுக்குப் போறது நீதான், தெரியுமில்ல? கருவிய இடம் மாத்திருவோம். இனிமே சரியா இருக்கும். பழசக் கிளறாத" என்றார். அந்த வாரமே சத்தமில்லாமல் மழைமானியை நகர்த்தினார்கள். பழைய எட்டு மாதமும் அப்படியே நின்றது. இந்த நாட்டில் தப்பு செய்ய யாருடைய உத்தரவும் வேண்டியதில்லை. திருத்தத்தான் யாராவது கையெழுத்துப் போட வேண்டும். அதற்குத்தான் ஆள் கிடையாது. நானும் போடவில்லை. அறிக்கையை மேஜை டிராயரில் வைத்தேன்.

பத்து நாள் கழித்துப் பூ மார்க்கெட்டில் உங்களைத் தேடி வந்தேன். சிரட்டையால்தான் அளந்துகொண்டிருந்தீர்கள். நடந்ததைச் சொன்னேன். திட்டுவீர்கள் என்று நின்றேன். நீங்கள் பூவைக் கையால் அளைந்தீர்கள்.

"ஏதோ, அந்தச் செடியாச்சும் பொழச்சுச்சே" என்றீர்கள். பிறகு, "மேல எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்க்கா" என்றேன்.

எழுதியது உண்மை. அனுப்பவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. நீங்கள் ஒரு கை மல்லிகையை வாழை இலையில் மடித்து என்னிடம் கொடுத்தீர்கள்.

ஜூன் தொடக்கத்தில் கிணற்றில் கமலை இழுத்துத் தண்ணீர் இறைக்கிற உங்கள் மாடுகள் இரண்டையும் ஓட்டிக்கொண்டு போனார்கள். மாசக் கடைசியில் மார்க்கெட்டில் உங்கள் இடத்தில் வேறொரு அம்மா உட்கார்ந்திருந்தார். "அக்காவா? மாடு போனதுலருந்து செடிக்குக் கையாலயே எறச்சுச்சு. போதும்னு எம்புட்டோ சொன்னோம், கேக்கல. 'மேல எழுதியிருக்காக, மாடு வந்துரும், அதுவரைக்கும் செடி நிக்கணும்'னு சொல்லும். நேத்து வரப்புலயே சாஞ்சு உசுர விட்டுருச்சு."

மேல எழுதியிருக்காக. அதை நம்பித்தான் இறைத்தீர்கள்.

அன்றைக்கு மறுநாள் உழக்கை மாடியில் வைத்தேன். அதிலிருந்துதான் இந்த நாற்பத்தொரு நாள். ஏன் நாற்பத்தொரு நாள் ஆனது என்று நீங்கள் கேட்கலாம். பயம், அக்கா. வேறு காரணம் கிடையாது. உங்கள் ஊரில் இன்னும் ஏழு வீட்டு மாடுகள் ஜப்திப் பட்டியலில் இருக்கின்றன. வருகிற வெள்ளிக்கிழமை ஓட்டிக்கொண்டு போக உத்தரவு ஆகியிருக்கிறது. சனிக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது.

இனிச் செய்யப் போவது:

1. தபாலாபீஸ் திறந்ததும் அறிக்கையை நேராகக் கலெக்டருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புவேன். எட்டுக் கையெழுத்தும் என்னுடையது என்பதை முதல் வரியாகச் சேர்த்துவிட்டேன்.

2. நகலோடு மத்தியானத்துக்குள் தாலுகா ஆபீஸ் போவேன். பக்கவாட்டுக் கதவு வழியாக இல்லை. நீங்கள் நின்ற மனு வரிசையில் நிற்பேன்.

3. சாயங்காலம் உங்கள் ஊருக்குப் போய் ஏழு வீட்டிலும் நடந்ததைச் சொல்வேன். எழுதிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். தபால் ரசீதைக் காட்டுவேன்.

4. வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் மாடு ஓட்ட வருகிறவர்களுக்கு முன்னால், பதிவேட்டின் பிரதியோடு நிற்பேன்.

5. நாளைக் காலை எட்டு மணிக்கு உழக்கைப் பார்ப்பேன். வேலை இருந்தாலும் போனாலும் பார்ப்பேன். நிஜமாக மழை பெய்கிற அன்று, உங்களுக்குச் சொல்லியனுப்ப மாட்டேன். நானே உழக்கை எடுத்துக்கொண்டு உங்கள் வயலுக்கு வருவேன்.