மோரிப் கரையில் பொறுக்கின பை

கிள்ளான்,
ஞாயிற்றுக்கிழமை

மகன் சுகுமாறனுக்கு அம்மா எழுதறது. இங்க நான் உயிரோட இருக்கேன், அங்க ஆஸ்திரேலியாவுல, பெர்த்துல நீயும் மருமகளும் நோய் நொடியில்லாம இருக்கணும்னு மாரியம்மாவைக் கும்பிட்டுக்கறேன். முறைக்கு எழுத வேண்டியதை எழுதிட்டேன், இனிமே வர்றது வேற. போன் பண்ணா மீட்டிங்மான்னு வச்சிடற, வாய்ஸ் மெசேஜ் அனுப்பினா ரெண்டு மடங்கு வேகத்துல ஓடவிட்டுக் கேக்கறேன்னு நீயே சிரிச்சுக்கிட்டு சொன்ன. காகிதத்தை அப்படி ஓடவிட முடியாதுல்ல, அதான் எழுதறேன், உக்காந்து படி.

வெள்ளிக்கிழமை நீ ஃபேஸ்புக்ல போட்ட படத்தைப் பார்த்தேன். கையில கிளவுஸ், பக்கத்துல மூணு சாக்கு குப்பை, பின்னால கடல், கடலைக் காப்பது நம் கடமைன்னு கீழ ஒரு வரி வேற. ஊரே லைக் போட்டிருக்கு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. கடமையைப் பத்திப் பேசற வாயைப் பாருன்னு போனைத் தூக்கி சோபாவுல எறிஞ்சேன்.

ஏன்னு கேளு. அப்பா போன பிறகு வீட்டுல சும்மா சுவத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கேன்னு நம்ம வரிசையில இருக்கிற தமிழ்ப்பள்ளி டீச்சர் வாணி என்னைக் கூப்பிட்டா. மாசத்துக்கு ஒரு ஞாயிறு அவளும் இன்னும் பத்துப் பேரும் கடற்கரையில குப்பை பொறுக்கப் போறாங்க. இந்த வயசுல குப்பை பொறுக்கவான்னு முதல்ல நான் சிரிச்சேன், அப்புறம் போனேன், நல்லாத்தான் இருந்துச்சு, முட்டிவலிகூட கொஞ்சம் மறந்துச்சு. ரெண்டு வாரத்துக்கு முன்னால ஜெஞ்சாரோம் தாண்டி மோரிப் போனோம், ஆமா, மார்ச்சுல அப்பா அஸ்தியைக் கரைக்க உன்னை அனுப்பினோமே, அந்தக் கரைதான். பொறுக்கறதை எல்லாம் வாணி கட்டம் கட்டமா அச்சடிச்ச ஒரு பாரத்துல எழுதுவா, போத்தல் இத்தனை, பை இத்தனைன்னு. சேத்துல நிக்கிற பாக்காவ் மர வேருக்குள்ள ஒரு சூப்பர்மார்க்கெட் பை சிக்கிக் கிடந்துச்சு, வாயை இறுக்கி முடிச்சுப் போட்டு, உள்ள கனமா. நான்தான் இழுத்து எடுத்தேன், கிழிச்சுப் பார்த்தா மண்சட்டி, அதைச் சுத்திப் பச்சைக் கட்டம் போட்ட துண்டு. லோரி ஓட்டும்போது உங்கப்பா கழுத்துல கிடக்குமே, ஓரத்துல நான் சிவப்பு நூல்ல ‘நா’ எழுத்து தச்சது, நாகையாவுக்கு நா, அந்தத் துண்டு. வாணி பேனாவும் கையுமா வந்து, ஆன்டி இதை எந்தக் கட்டத்துல எழுதறதுன்னு கேட்டா. எழுதாதம்மா, இது குப்பை இல்ல, என் வீட்டுக்காரர்னு சொல்லிட்டு அந்தச் சேத்துலயே உக்காந்துட்டேன்.

யுகேந்திரன் சித்தப்பாவைக் கூப்பிட்டு வச்சு உலுக்கினேன். அன்னைக்கு உன்கூட வந்தவரு அவருதானே. முதல்ல மழுப்பினாரு, அப்புறம் அழுதுட்டாரு. அண்ணி, வாடகைக் காரு சீட்டுல சாம்பல் படும்னு அவன்தான் பையில போட்டுக் கட்டினான், தண்ணியில இறங்கினா ஷூ நனையும், மூணு மணிக்கு ஃப்ளைட்டுன்னு கரைப் படிக்கட்டுல நின்னே பையோட தூக்கிப் போட்டுட்டான்னு சொன்னாரு. போட்டுட்டுத் திரும்பிப் பார்க்காம வான்னு ஐயர் சொல்லியிருக்காரு. அடப்பாவி, அன்னைக்கு நீ ஒழுங்கா செஞ்சது அது ஒண்ணுதான். திரும்பிப் பார்த்திருந்தா பை முங்காம மிதந்துக்கிட்டு இருந்தது தெரிஞ்சிருக்கும். பொம்பளைங்க வரக்கூடாதுன்னு என்னை வீட்டுல விட்டுட்டுப் போய், எல்லாம் நல்லபடியா கரைச்சாச்சும்மான்னு ஏர்போர்ட்ல இருந்து போன் பண்ணுன. நான் அதை நம்பிக் குளிச்சிட்டு நிம்மதியாப் படுத்தேன். ஆறு மாசம்டா. இருபத்தெட்டு வருஷம் லோரி ஓட்டி உன்னைப் படிக்க வச்ச மனுஷன் பிளாஸ்டிக் பைக்குள்ள மூச்சு முட்டிக் கிடந்திருக்காரு.

சட்டி ஓரம் உடைஞ்சிருக்கு, ஆனா அஸ்தி இருக்கு. வீட்டுக்குள்ள கொண்டு வரக்கூடாதில்ல, அதான் பின்னால கொய்யா மரத்துல கட்டித் தொங்க விட்டு, மழை படாம அவரோட பழைய குடையை விரிச்சு வச்சிருக்கேன். காலையில துணி காயப் போடப் போகும்போதெல்லாம் அதுகிட்ட உன்னைத்தான் திட்டறேன். சித்தப்பாவை விட்டுக் கரைங்கன்னு மட்டும் சொல்லிடாத. கருமாதிக்கும் நீ இல்ல, அவருதான் செஞ்சாரு. கொள்ளி வச்சது நீ, நீதான் வரணும், ஷூவைக் கழட்டிட்டு இடுப்பளவு தண்ணியில இறங்கணும். இந்தத் தடவை நானும் வரேன், யாரு தடுக்கறாங்கன்னு பார்க்கறேன்.

உன்கூடப் படிச்ச விஷ்ணுப்ரியா செமினிக்கு வீடு மாறிட்டா, உன்னை விசாரிச்சா. நீ வேளைக்குச் சாப்பிடு, பிரஷர் மாத்திரையை விட்டுடாத, அப்பாவுக்கு இருந்தது உனக்கும் இருக்கு. எவ்வளவு கோவம் இருந்தாலும் பெத்த வாயால சபிக்க மாட்டேன், நீயும் மருமகளும் நூறு வயசு நல்லா இருங்க.

மறந்துடாத, தீபாவளிக்கு முன்னால வந்து சேரு, மரத்துல உங்கப்பாவை வச்சுக்கிட்டு நான் விளக்கேத்த மாட்டேன். இந்தக் கவருக்குள்ள அந்தப் பையை வச்சிருக்கேன், கழுவிக் காய வச்சு மடிச்சு. நீதான் குப்பை பொறுக்கறவனாச்சே, உன் சாக்குல போட்டுக்கோ, போட்டோ எடுக்க மறந்துடாத.

இப்படிக்கு,
உன்னைப் பெத்தவ,
நா. தங்கமணி