தாவுஸ் கையை உதறியது

அன்பு மகன் மெசியானுக்கு, அல்லாஹ் காப்பில் நீயும் மருமகள் தாவுஸும் பேரப்பிள்ளையும் சுகம்தானே. இங்கே அப்பாவுக்கு இருமல் விட்டது, ஆலிவ் இந்த வருடம் சுமார், ஏணி தராத உன் சித்தப்பாவோடு நான் இன்னும் பேசுவதில்லை. மூன்று வரிக்கு ஒருதரம் பேனாவை வைத்துவிட்டுக் கையை உதறுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம். உன் தங்கை கல்யாணத்துக்கு முந்தின நாள் முற்றத்தில் இருபது பெண்கள் விருந்துக்கு ரவையில் குஸ்குஸ் உருட்டினோமே, பதினோரு வருடம் ஆகிறது, யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்றுகூட எனக்கு நினைவிருக்கிறது. தாவுஸ் அப்போது ஏழு மாத வயிற்றுப்பிள்ளைக்காரி. காலையிலிருந்து உள்ளங்கையால் ரவையை உருட்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று எழுந்து என் பக்கமாக இரண்டு தரம் கையை உதறினாள், பிறகு பெரிய மரத்தட்டைத் தூக்கிப் பாதி வழியில் கீழே போட்டாள். "நாய விரட்டுற மாதிரி எனக்கே கைய உதறுறியா, உங்க வீட்டுல ரவையவே கண்டதில்லையா"ன்னு எல்லார் முன்னாலும் கேட்டேன். கை மரத்துப்போச்சும்மா என்றாள். "நாக்கு மரக்கலையே"ன்னேன். மற்ற எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் என்ன கேட்டாலும் ஒண்ணுமில்லம்மா என்பாள், அந்த வருடமே நீங்கள் பிரான்சில் மார்செய்க்குப் போய்விட்டீர்கள்.

இப்போது எனக்கே விரல் மரக்கிறது. தீஸி ஊஸூ நகரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். மணிக்கட்டில் குறுகலான வழி ஒன்று இருக்கிறதாம், அடியில் எலும்பு, மேலே கெட்டியான பட்டை, அதற்குள் விரல்களுக்குப் போகிற நரம்பு ஓடுகிறது, உள்ளே வீங்கினால் அது நசுங்கிப் பெருவிரலிலிருந்து மோதிர விரல் வரை மரக்குமாம், சுண்டு விரல் மட்டும் தப்பிக்கும். "விடியக்காலையில கைய உதறிக்கிட்டே எழுந்திருப்பீங்களே"ன்னு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். அன்றைக்குத் தாவுஸ் உதறிய கைதான் எனக்குக் கண்ணுக்குள் வந்தது. வயிற்றுப்பிள்ளைக்காரிகளுக்கும் நீர் கோத்து வருமாம், பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் போய்விடும், சிலருக்குத் தங்கிவிடும் என்றாள். தூங்கும்போது மணிக்கட்டை நேராகப் பிடிக்கிற பட்டை கட்டினால் ஆரம்பத்திலேயே அடங்குமாம். நான் நாள் கடத்திவிட்டேன், ஆபரேஷன் செய்துதான் ஆகவேண்டும், பெருவிரலடியில் வற்றிப்போன சதை திரும்புமா என்று அவளுக்கே தெரியவில்லை.

போன பெருநாளன்று போனில் முகம் பார்த்துப் பேசினோமே, அப்போது தாவுஸ் கையிலிருந்து தேநீர்க் கோப்பை விழுந்தது. "பாத்தியா, இன்னும் அதே மெத்தனம்"னு பக்கத்து வீட்டு ஜூஹரிடம் சொல்லிச் சிரித்தேன். நேற்று ஜூஹர் வீட்டுக்கே போய், தப்பு என்னுடையது என்றேன். அன்று முற்றத்தில் சிரித்தவர்களில் உயிரோடு இருக்கிற பதினாலு பேரிடமும் சொல்லப்போகிறேன், சித்தப்பா பெண்டாட்டியிடமும்கூட.

மூவரும் நீண்ட ஆயுளோடு இருங்கள். ஒன்று மறக்காதே. அவள் கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார், பெருவிரலுக்குக் கீழே இருக்கும் சதைமேடு பள்ளமாகியிருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போ. வலிக்கிறதா என்று அவளிடம் கேட்காதே. ஒண்ணுமில்ல என்பாள். அப்படிச் சொல்லப் பழக்கியவள் நான்.

உன் அம்மா,
ஸெக்கூரா