பொம்மைதான், இருந்தாலும்

செவ்வாய்க்கிழமை, இரவு

மாலையில் பபேடான் பேட்டை டீக்கடையில் சலீம் பாய், கோ மணி (பர்மாவில் 'கோ' என்றால் அண்ணன்), நான். மூவருக்கும் துப்பாக்கிப் பைத்தியம். நிஜத் துப்பாக்கியை ஒருவரும் தொட்டதில்லை. பாய் போன வாரம் வாங்கிய பொம்மைத் துப்பாக்கியைப் பற்றித்தான் பேச்சு. பிளாஸ்டிக் குண்டுதான், ஆனால் பார்வைக்கு அசல் ஏகே. மனைவி திட்டுவார் என்று அதை என் வீட்டில் வைத்திருக்கிறார்.

"எனக்கு ஒரு ஸ்னைப்பர் கெடச்சா போதும், சுவத்துல மாட்டி தெனமும் பாத்துக்கிட்டு இருப்பேன்" என்றார் மணி. எனக்கு எம் ஃபோர் ரைஃபிள் என்றேன்.

ராணுவ ஆட்சி நடக்கும் ஊர்; அக்கம்பக்கத்தாருக்குப் புரியக்கூடாததை நாங்கள் எப்போதும் தமிழில்தான் பேசுவோம். துப்பாக்கிப் பெயர்கள் எல்லா மொழியிலும் ஒன்றுதான் என்பது தோன்றவே இல்லை.

பக்கத்து மேசையிலிருந்த பர்மாக்காரர் எழுந்தார். பாயின் தோளில் கை வைத்து, "பொம்மைன்னாலும் வீட்ல வைக்காதீங்க பாய்" என்று நல்ல தமிழில் சொல்லிவிட்டுப் போனார். அக்கறையா, மிரட்டலா, தெரியவில்லை. அதன் பிறகு யாரும் டீயைக் குடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பாயை போனில் கூப்பிட்டு, "உங்க துப்பாக்கிய வந்து எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

"எந்தத் துப்பாக்கி?" என்று கேட்டார். ஒட்டுக்கேட்பவருக்கும் புரியும்படி, பர்மிய மொழியில் கேட்டார்.